பெரியப்பா முன்னால் ஊமையான டிஏசி

படித்தவர்கள் 'தெரியாது' என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்குள் நிறையப் பொருள்கள் பாழாகின்றன. என் விஷயத்தில் பொருள் தப்பித்தது, மானம்தான் போனது.

ஜவ்வாது மலையில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல் வரை முடித்தேன். (இதை யாரும் கேட்காமலேயே சொல்வேன்.)

அப்பாவிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் உண்டு. புதிதாக வாங்கிய டிவியை அதோடு இணைக்க வழியில்லை. ஆம்ப்ளிஃபயரில் இருப்பவை சிவப்பு, வெள்ளைத் துளைகள். டிவியிலோ ஒலியை வெளிச்சமாக அனுப்பும் ஒரே ஒரு சதுரத் துளை. அந்த வெளிச்சத்தை ஆம்ப்ளிஃபயருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர டிஏசி என்றொரு பெட்டி வேண்டும். திருப்பத்தூர் ரிப்பேர் கடையில் பழையது ஒன்று கிடைத்தது. உள்ளே உப்பியிருந்த நான்கு கெப்பாசிட்டர்களை நானே பற்றவைத்து மாற்றினேன். புது அடாப்டர், புது ஆப்டிகல் கேபிள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தங்கை செல்வியைக் கல்லூரியில் சேர்ப்பதா வேண்டாமா என்று அப்பா தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது. 'ஒண்ணு படிச்சது போதும்' என்பது பெரியப்பாவின் கட்சி. அவர் சொல்லை அப்பா மீறமாட்டார். படிப்பின் பலனை அவர் காதாலேயே கேட்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வரவழைத்தேன்.

டிஏசி எப்படி வேலை செய்கிறது என்று கால் மணி நேரம் பேசிவிட்டு டிவியைப் போட்டேன். அதன் சொந்த ஸ்பீக்கரை முன்பே அணைத்து வைத்திருந்தேன். செய்தி வாசிப்பவரின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

"இன்னாம்மா, நீ இவ்ளோ நேரம் பேசன, அது வாயே தொறக்கல?" என்றார் பெரியப்பா.

"இருங்க பெரிப்பா, சவுண்டு கம்மியா வச்சிருப்பேன்" என்று ஆம்ப்ளிஃபயரின் திருகைக் கடைசிவரை திருப்பினேன். ஒன்றுமில்லை. செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிஏசியை நிறுத்தித் திறந்து, என் கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். ஒரு பாவமும் அறியாத ஒன்றைக் கழற்றி மறுபடி பற்றவைத்தேன். பெட்டியை மூடி, சுவிட்சைப் போட்டேன். அப்போதும் மௌனம்.

அம்மா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, ஒயரு முனையில மூடி கீதே, அத கழட்ட வேணாமா?"

எங்கள் வீட்டில் புதுப் பொருளின் உறையை யாரும் பிரிப்பதில்லை. ரிமோட் இன்றும் பாலிதீன் பைக்குள்தான் இருக்கிறது. அந்த வழக்கப்படி கேபிளின் இரு முனையிலும் இருந்த கறுப்பு ரப்பர் மூடிகளை நானும் பத்திரமாக விட்டுவைத்திருந்தேன். துளைக்குள் நிற்காததால் டேப் வேறு சுற்றியிருந்தேன். வெளிச்சம் போகிற வழியை அடைத்துவிட்டு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்!

அம்மா டேப்பைப் பிய்த்து, இரண்டு மூடிகளையும் உருவிவிட்டுக் கேபிளைச் சொருகினாள். திருகு கடைசிவரை திறந்திருப்பது எனக்கு நினைவு வருவதற்குள் உர விளம்பரம் ஒன்று வெடித்தது. பெரியப்பாவின் டீ அவர் வேட்டியில். வாசலில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு சாமைக் கொல்லைப் பக்கம் ஓடியது.

நான் சத்தத்தைக் குறைத்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். செல்வியின் கண்ணில் நீர் முட்டியது.

பெரியப்பா வேட்டியை உதறினார். "டேய், சின்னதயும் காலேஜுக்கு அனுப்புடா. இது பாதிதான் படிச்சிருக்குது. மீதிய யாராச்சும் படிக்கணும்ல?"

செல்வி இப்போது இரண்டாம் ஆண்டு. ஒவ்வொரு பரீட்சை முடிந்ததும் பெரியப்பா அவளுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்: "உங்க அக்கா உட்டது இன்னும் எவ்ளோ பாக்கி கீது?"