பட்டையைத் தானே தைத்துக்கொண்ட பெருச்சாளி

நாங்கள் கொடுத்த புகாரை வாங்கி மடித்து, அதையே விசிறியாக்கிக் காற்று வாங்குகிறாயே, உன்னைத்தான் சொல்கிறேன். இது உனக்கான கதை. காதைக் கொடு.

ஒரு காட்டில் ஒரு படை இருந்தது. அதில் பேச்சிமுத்து என்றொரு பெருச்சாளி சிப்பாய். ஓட்டத்தில் முதல், குறி பார்ப்பதில் முதல். ஆனாலும் சிப்பாய்க்கு அடுத்த படியான நாயக் பதவிக்கு, கையில் தைத்துக்கொள்ளும் சிவப்புப் பட்டை வருடா வருடம் ஏதாவதொரு குரங்கின் கைக்கே போயிற்று. வளையில் பிறந்தவனுக்குக் கக்கூஸ் குழி தோண்டும் வேலை, மரத்தில் பிறந்தவனுக்குப் பட்டை. இது எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை. எழுதியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

பேச்சிமுத்து புகார் கொடுத்தான். எந்தப் புகாரும் ஹவில்தார் கருங்குரங்கு வழியாகத்தான் மேலே போக வேண்டும். இந்தப் புகாரோ ஹவில்தார் மேலேயே. அவர் தன்னைத் தானே கூப்பிட்டு விசாரித்து, தன் பதிலில் தனக்குப் பூரண திருப்தி என்று முடித்துவிட்டார்.

சரி, மாதக் கூட்டம் இருக்கிறதே என்று பொறுத்தான். அங்கே தளபதி யானை, "யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்பார். மொத்தப் படையும் ஒரே குரலில் "இல்லை ஐயா" என்று சொல்லும். இதற்கு முந்தின நாளே ஒத்திகையும் உண்டு. பேச்சிமுத்து மட்டும் "உண்டு ஐயா" என்றான். கூட்டுக்குரலைக் கெடுத்த குற்றத்துக்கு அன்று சாயங்காலமே விசாரணை, சாட்சி, தண்டனை எல்லாம் முடிந்துவிட்டது.

தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடும்போதுதான் பேச்சிமுத்துவுக்குப் பொறி தட்டியது. புகார் நொண்டுகிறது, குற்றமோ பறக்கிறதே!

மறுநாள் அணிவகுப்பில், ஒரு சிவப்புத் துணியைத் தன் கையில் தானே தைத்துக்கொண்டு வந்து நின்றான். ஹவில்தார் அவனைத் தளபதி முன்னால் இழுத்துப் போனார். இவனை உடனே பதவி இறக்க வேண்டும் என்று குதித்தார்.

"தாராளமாக இறக்குங்கள் ஐயா," என்றான் பேச்சிமுத்து. "ஆனால் ஏறாதவனை எப்படி இறக்குவீர்கள்? முதலில் ஏற்றுங்கள், பிறகு இறக்குங்கள். அதுதானே முறை?"

முறை என்று சொல்லிவிட்டால் தளபதிக்கு மறுபேச்சு கிடையாது. எழுத்தரான முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, ஏற்றும் ஆணையை எழுதினான். இறக்கும் ஆணையைத் தொடங்குவதற்குள் வாசலில் ஒரே கூச்சல். எலி, கீரி, நரி, உடும்பு என்று வளையில் பிறந்த அத்தனை சிப்பாய்களும் பட்டை தைத்துக்கொண்டு, எங்களையும் தண்டியுங்கள் என்று வரிசையில் நின்றார்கள்.

தளபதிக்குத் தலை சுற்றியது. எல்லாரையும் ஏற்று, அப்புறம் மொத்தமாக இறக்கு என்றார். முள்ளம்பன்றி எழுதினான், எழுதினான், முதுகு வழுக்கையாகும் வரை எழுதினான். கடைசியாகத் தன் பெயரையும் எழுதிக்கொண்டான். அவனும் வளையில் பிறந்தவன்தானே. பிறகு முள்ளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"இறக்கும் ஆணை எங்கேடா?" என்றார் ஹவில்தார்.

"எழுத்து வேலை சிப்பாய் வேலை ஐயா. நான் இப்போது நாயக்."

மிச்சமிருந்த சிப்பாய்கள் எல்லாம் குரங்குகள். குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலை மரத்தில் பிறந்தவர்களுக்குக் கேவலம் என்று வைத்திருந்ததால், ஒருவருக்கும் எழுதத் தெரியாது.

நீதி: குறை உள்ளவன் அதைச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், நல்ல குற்றமாக ஒன்றைப் பார்த்துச் செய்ய வேண்டும். எங்களை அந்தக் கதிக்கு விடாதே. விசிறியது போதும், எங்களுக்குச் சேர வேண்டிய பட்டையை நீயே கொண்டுவந்து கொடு. இன்றைக்கே கொடு.