உடும்பின் கமிஷன் பாக்கி

உடும்புக்குக் கமிஷன் வரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஒரு காட்டில் நடந்தது. இப்போது அங்கே காடு இல்லை, மனைப்பிரிவு இருக்கிறது. பிரித்தது நரி முதலாளி. ஆள் பிடித்து விற்றுக் கொடுத்தது உடும்பு மாசிலாமணி. பிடித்தால் விடாது என்று பேர் வாங்கிய இனம். அந்தப் பேருக்காகத்தான் வேலையே கிடைத்தது.

ஒருநாள் நரி, மனை முன்னால் நின்று வாலை ஆட்டு, ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்றது. இந்த வயதில் ஆட்டமா என்று உடும்புக்கு ரோஷம் வந்தது. உன் காசும் வேண்டாம், வேலையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தது. மூன்று மனைக்குக் கமிஷன் பாக்கி. காசைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பாதி வழியில் பட்டது. ஆனாலும் திரும்பவில்லை. ரோஷத்தைப் பிடித்துக்கொண்டு இனத்தின் பேரைக் காப்பாற்றியது.

ஊருக்கெல்லாம் மனை விற்ற உடும்பு இருந்தது வாடகை வளையில். வீட்டுக்காரப் பெருச்சாளி, மாசம் முடிவதற்குள் வாடகை வராவிட்டால் வாலைப் பிடித்து வெளியே இழுப்பதாகச் சொல்லிவிட்டது. ரோஷம் இறங்கியது.

கமிஷன் கேட்டுத் திரும்பிப் போன உடனே நரி டீ வாங்கிக் கொடுத்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"நீங்க வித்ததுன்னு யாருண்ணே சொன்னா? வாங்கினவங்க ஒருத்தராவது வந்து சொல்லட்டும். மொத்தத்தையும் தர்றேன்."

உடும்பு முயலிடம் ஓடியது. நல்ல மேட்டு மனையாகப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்ற இடம். முயல் அதில் வீடு கட்டி, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தது. மனையைத் தானே தேடிப் பிடித்ததாகச் சொன்னது. நீங்கள் யார் என்றும் கேட்டது. மானும் அப்படியே. திருப்தியாக இருப்பவர்களுக்குத் தரகன் முகம் ஞாபகம் இருப்பதில்லை.

மிச்சம் முள்ளம்பன்றி இருளாயி. அங்கே போகத் தைரியமில்லை. இரண்டு நிமிஷ நடையில் தண்ணீர் என்று சொல்லி, ஓடையோரத்து மனையை அதன் தலையில் கட்டியிருந்தது. மழை பெய்ததும் நடக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீரே வீட்டுக்கு வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல், வேலையாவது திரும்பக் கிடைக்கட்டும் என்று உடும்பு ஆடச் சம்மதித்தது. ஆபீஸ் வாசலில் செல்போனைப் பார்த்து வாலை ஆட்டியது. மனை பார்க்க வந்த கூட்டம் சிரித்தது. அந்த நேரத்தில், நனைந்துபோய், முள்ளெல்லாம் சிலிர்க்க இருளாயி வந்து நின்றது.

"எனக்கு ஓடையை வித்தவன் எவன்யா?"

கூட்டம் நரியைப் பார்த்தது. நரி உடும்பைக் காட்டியது.

"இவருதாம்மா. காட்டினது, பேசினது, வித்தது எல்லாம் இவரு. கம்பெனிக்குச் சம்பந்தமே இல்ல."

உடும்பு ஆட்டத்தை நிறுத்தியது.

"வாங்கினவங்க வந்தாச்சு. வித்தது நான்னு நீங்களே சொல்லியாச்சு. கமிஷனை எடுங்க முதலாளி."

நரி கூட்டத்தைப் பார்த்தது, முள்ளைப் பார்த்தது, எடுத்துக் கொடுத்தது. அதில் பாதியை, மனைக்கு மண் அடிக்க என்று இருளாயி அங்கேயே பிடுங்கிக்கொண்டது. அது போதாதென்று உடும்பை ஒரு இடியும் இடித்தது.

மிச்சம் வாடகைக்குச் சரியாக இருந்தது. கடைசியில் நரியிடமிருந்து காசை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று பெருச்சாளி விசாரித்தது. உடும்பு திரும்பி முதுகைக் காட்டியது. இரண்டு முள் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"இருளாயி" என்றது.

நீதி: வாடிக்கையாளரில் ஒருவரையாவது நன்றாக ஏமாற்றி வை. கஷ்டகாலத்தில் உன்னை ஞாபகம் வைத்துத் தேடி வருவது அவர்தான்.