முதல் செட்டும் சமையலறைப் பெருமூச்சும்

இந்த ஜனவரிக் கோடையில் எப்படியும் மனைவி நொலீனை மெல்போர்னுக்குக் கூட்டிப்போய், பெரிய அரங்கில் உட்கார வைத்து, டென்னிஸ் இறுதி ஆட்டத்தைக் காட்டியே தீருவது என்று டெஸ் சபதம் எடுத்தார். கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு. அப்புறம் வீட்டுக் கடன் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், முதுகுவலி வந்தது. மெல்போர்ன் மட்டும் வரவில்லை. உள்ளூர் பெண்டிகோ டென்னிஸ் கிளப்பில் ஒரு காலத்தில் எல்லாரையும் ஓட ஓட விரட்டியவள், இப்போது மூட்டுவலியோடு சமையலறை ரேடியோவில் வர்ணனை கேட்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் டெஸ்ஸுக்கு மனசு என்னமோ செய்யும்.

பென்ஷனில் கைவைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் பின்பக்க ஷெட்டில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்து, ஆட்டத்தின்மேல் பணம் கட்டும் 'முதல் செட்' சந்தையில் இறங்கினார். முதல் செட்டை இன்னார் ஜெயிப்பார் என்று பங்கு வாங்க வேண்டும். ஆட்டம் போகிற போக்கில் அதன் விலை ஏறும், இறங்கும். ஏறும்போது விற்கவேண்டும். டெஸ் இறங்கும்போது விற்றார். அவர் விற்றதையெல்லாம் 'மேக்பை' என்று திருட்டுப் பறவை ஒன்றின் பெயரை வைத்துக்கொண்ட யாரோ அள்ளிக்கொண்டு போனார்கள். வாங்கிய கையோடு விலை ஏறியது. சிட்னி எத்தனாகத்தான் இருப்பான் என்று டெஸ் வயிறெரிந்தார்.

ஒருநாள் ஷெட் அடுப்பாய்க் கொதிக்கவே, சமையலறை ஜன்னலுக்குக் கீழே நாற்காலியைப் போட்டார். உள்ளே நொலீன் பெருமூச்சு விட்டாள். கொஞ்சம் பொறுத்து, ஃபோனில் குள்ளமான அர்ஜென்டினாக்காரன் பந்தை வலையில் அடித்தான். மறுபடி பெருமூச்சு, மறுபடி வலை. டெஸ்ஸுக்குப் பொறி தட்டியது. ரேடியோ முந்திக்கொள்கிறது, ஃபோனில் படம் நொண்டிக்கொண்டு பின்னால் வருகிறது. இத்தனை நாளாக அவர் பழைய சோற்றைத்தான் சுடச்சுட என்று தின்றிருக்கிறார்.

நொலீன் எப்போதும் குள்ளமானவன் கட்சி. டெஸ்ஸும் குள்ளம்தான். ஆகவே கணக்கு சுலபம்: அவள் கைதட்டினால் குள்ளன்மேல் வாங்கு, பெருமூச்சு விட்டால் விற்றுவிடு. பணம் சேரத் தொடங்கியது.

"டெஸ், வெயில்ல என்ன பண்ற?"

"காத்து வாங்குறேன்."

"நாப்பது டிகிரில எந்தக் காத்து?"

"உன் பக்கத்துல இருக்கலாம்னுதான்."

"இத்தன வருஷம் கழிச்சா? அப்ப ஏதோ தப்பு பண்ணியிருக்க."

அரையிறுதி நாளில் சேர்ந்த அத்தனையையும் குள்ளன்மேல் வைத்தார். முதல் செட் ஆறுக்கு ஆறு என்று சமமாகி, டை பிரேக்கில் வந்து நின்றது. இன்னும் ஒரே ஒரு பாயின்ட் எடுத்தால் செட் குள்ளனுக்கு. ஜன்னல் வழியே உயிரே போகிறமாதிரி பெருமூச்சு. "போச்சு. எல்லாம் போச்சு."

டெஸ் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்குத் தள்ளினார். மேக்பை வாங்கியது. ஃபோனில் குள்ளன் ஓங்கி ஒரு சர்வீஸ் போட்டு செட்டைத் தட்டிச் சென்றான்.

டெஸ் உள்ளே ஓடினார். "எதுக்கு அப்படிப் பெருமூச்சு விட்ட?"

"கேக் அமுங்கிடுச்சு."

கேக் மேஜையில் கம்பீரமாக எழும்பி நின்றது. பக்கத்தில் ரேடியோ. ரேடியோவில் சாய்ந்தபடி நொலீனின் ஃபோன், அதில் அதே சந்தை, மேலே 'மேக்பை' என்ற பெயர்.

"நீயா?"

"ஜன்னலுக்குக் கீழ உக்காந்து என் பெருமூச்ச வித்துக் காசாக்குற. எனக்குத் தெரியாதா? அதான் இன்னிக்குப் பொய்யா ஒண்ணு விட்டேன்."

டெஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "உன்ன மெல்போர்ன் கூட்டிட்டுப் போகத்தான், நொலீன்…"

"தெரியும். ஷெட்டுல நீ புலம்புறது இங்க வரைக்கும் கேக்கும். 'இது நொலீனுக்கு'ன்னு சொல்லிச் சொல்லித்தான் தோத்த. வேற எவன்கிட்டயோ போறத நான் வாங்குனா என்னன்னு வாங்குனேன்." அவள் ஃபோனை அவர் பக்கம் திருப்பினாள். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட். "இப்பதான் எடுத்தேன். உச்சி வரிசை. பறவைங்களோட உக்காரணும்."

டெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. வலிக்கிற அவள் முழங்காலில் கையை வைத்தபடி கேக்கில் பெரிய துண்டாக ஒன்று எடுத்தார். பிறகு மெதுவாகப் பேச்சை இழுத்தார். "அங்க உக்காந்து பாத்தா ரேடியோவ விடவும் முன்னாடி தெரியும், இல்ல?"

"தெரியும்," என்றாள் நொலீன். "அதனாலதான், நீ உன் ஃபோன வீட்டுல வச்சிட்டு வா. நான் என்னோடத எடுத்துக்கிறேன்."