இஸ்திரி போட்ட சம்பந்தி

நெஞ்சு காலியாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாத மனிதர்கள் சிலர் உண்டு. அவர்கள் நெஞ்சைச் சொல்லவில்லை, உங்கள் நெஞ்சைச் சொல்கிறேன். நீங்கள் பேசும்போது இவர்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு சாண் இடத்தைக் கண்ணாலேயே அளவெடுத்தபடி "ம்... ம்..." கொட்டுவார்கள். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கும் கதையை நீங்கள் சொல்லி முடித்ததும், "உங்களுக்கு எக்ஸெல்லா, டபுள் எக்ஸெல்லா?" என்று கேட்பார்கள். வீட்டிலேயே டி-ஷர்ட் அடிக்கும் இஸ்திரிப்பெட்டிப் பிரம்மாக்கள் என்றால் இவர்கள்தாம்.

நேற்று வரை ஒழுங்காக இருந்த மனிதருக்கு இது எப்படி வருகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டு போனில் ஒரு வீடியோ பார்க்கிறார். தாளில் அச்சடிக்கிறார்கள், துணிமேல் வைக்கிறார்கள், தேய்க்கிறார்கள், உரிக்கிறார்கள், அவ்வளவுதான். "பூ, இதுக்கா கடைக்குப் போறாங்க?" என்று எழுந்து உட்காருகிறார். முடிந்தது. மறுவாரம் சாப்பாட்டு மேஜை அவருடைய தொழிற்சாலையாகிவிடும், குடும்பம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும், வீட்டு அம்மாளின் பட்டுப் புடவையை இஸ்திரி போட முடியாது, ஏனென்றால் பெட்டியின் அடியில் யாருடைய பிறந்தநாள் வாழ்த்தோ பாதி உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். "தொடாதே, சூடு ஆறணும்!" என்ற குரல் மட்டும் காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் வாங்கிப் போன டி-ஷர்ட் முதல் சலவையிலேயே வெடித்து, அதிலிருந்த உங்கள் படம் மூக்கில்லாமல் வெளியே வந்தால் குற்றம் யாருடையது? "மெஷின்ல போட்டீங்களா?" என்பார். இல்லை என்பீர்கள். "அப்ப வெயில்ல காயப் போட்டிருப்பீங்க." எப்படியும் நீங்கள்தான்.

எனக்கு மேல்வீட்டுக்காரர் பத்மநாபன் இந்த இனத்தில் முதல் தரம். கல்கத்தா பெஹாலாவில் ஃபிளாட், பக்கத்து அலிப்பூரில் மத்திய அரசு வேலை, நல்ல மனுஷன், கடன் கேட்கமாட்டார், சத்தம் போடமாட்டார். ஆனால் அவர் மாடிப்படி இறங்கும் ஓசை கேட்டால் எங்கள் தெருத் துர்கா பூஜைக் கமிட்டிக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். போன வருஷம் அவர் அன்பாகக் கொடுத்த சட்டைகளில் பத்துக் கைத் துர்க்கைக்கு ஏழு கைதான் வந்திருந்தது. மற்றவை தாளோடு போய்விட்டன.

இந்தக் கலையில் ஒரு சூட்சுமம் உண்டு. வெள்ளைத் துணிக்கு ஒரு தாள், அதில் எழுத்தை இடம் வலம் திருப்பி அச்சடித்து, குப்புறப் போட்டுத் தேய்க்க வேண்டும், அப்போது துணியில் நேராக விழும். பத்மநாபனின் முதல் சட்டை இது தெரியாமல் பாழாயிற்று. அன்றிலிருந்து சூடுபட்ட மனிதராகி, பார்ப்பவரிடமெல்லாம் "திருப்பிப் போடணும் சார், திருப்பி! இது தெரியாமதான் ஊர்ல பாதிப் பேர் கோட்டை விடறான்" என்று உபதேசம் செய்வார். கருஞ்சிவப்பு, கறுப்பு போன்ற துணிகளுக்கு வேறு தாள் உண்டு, அதில் நேராகவே அச்சடித்து, நிமிர்த்தி வைத்துத்தான் தேய்க்க வேண்டும் என்பது அந்த உறையிலேயே எழுதியிருக்கிறது. உறையை யார் படிப்பார்கள்? தெரியாதவர்கள் படிப்பார்கள்.

இந்த ஜனவரியில் அவர் மகள் சுபிக்ஷாவைப் பெண் பார்க்கத் திருச்சியிலிருந்து பையனின் அப்பா அம்மா வருவதாக இருந்தது. பையன் அஷ்வத்தும் அவளும் பெங்களூரில் ஒரே ஆபீஸ், இருவருக்கும் பிடித்துப்போய்விட்டது. பையனின் அம்மா வசுமதிக்கு மட்டும் ஒரே ஒரு உறுத்தல். "கல்கத்தாவிலயே வளர்ந்த பொண்ணு. தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா?" என்று போனில் மூன்று தடவை கேட்டுவிட்டார். இதற்காக லீவில் வந்திருந்த சுபிக்ஷா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

பத்மநாபன் சும்மா இருப்பாரா? "தமிழ்தானே கேக்கறாங்க? நெஞ்சுலயே ஒட்டிக் காட்டறேன்!" என்று கருஞ்சிவப்பில் மூன்று சட்டை வாங்கினார். வாசகம்: 'வாங்க சம்பந்தி!'

மனைவி நாகலட்சுமி தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் பேச்சே முடியலை, அதுக்குள்ள சம்பந்தியா? அவங்க என்ன நினைப்பாங்க?"

"சந்தோஷப்படுவாங்க. உனக்கு மீடியமா, லார்ஜா?"

"புடவைக்கு மேல பனியனா? ஆளை விடுங்க."

அறையைச் சாத்திக்கொண்டு தேய்த்தார். கருஞ்சிவப்புக்கான தாள் நிமிர்த்தி வைத்தால்தான் ஒட்டியது, ஆனாலும் எழுத்தைத் திருப்பித்தான் அச்சடித்தார், அவர் யார்! முடித்ததும் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தார். 'வாங்க சம்பந்தி!' முத்து முத்தாக, நேராக, அட்சர சுத்தமாக இருந்தது. செல்ஃபி கேமராவிலும் பார்த்தார். அதிலும் அப்படியே. கண் கலங்கிவிட்டது அவருக்கு. சட்டைக்குமேல் ஸ்வெட்டரை மாட்டி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். மகளுக்கு ஒன்றைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, "ஸ்வெட்டருக்குள்ள போட்டுக்கோ, ஹவுரா ஸ்டேஷன்லதான் ஜிப்பைத் திறக்கணும், சஸ்பென்ஸ்" என்று உத்தரவு.

ஹவுராவில் வண்டி வந்தது. வசுமதியும் அவர் கணவர் சண்முகமும் இறங்கினார்கள். அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் ஜிப்பை இறக்கினார்கள்.

வசுமதி ஒரு நெஞ்சிலிருந்து மறு நெஞ்சுக்குப் பார்த்தார். "இது என்னங்க, பெங்காலியா?"

"அப்படித்தான் இருக்கு. நடுவில ஒரு 'ப' மட்டும் புரியுது" என்றார் சண்முகம்.

பத்மநாபன் அப்போதுதான் மகளின் சட்டையைப் பார்த்தார். எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி நின்றது. நாகலட்சுமிதான் முந்திக்கொண்டார். "ஆமாங்க, பெங்காலிதான். இந்த ஊர் மரியாதை. வாங்கன்னு எழுதியிருக்கு."

"ஓ" என்றார் வசுமதி. "வீட்டுல தமிழ் எழுதற பழக்கமே விட்டுப்போச்சோ?"

டாக்ஸியில் பெஹாலா வந்து சேர்ந்தார்கள். வாசலில் பெட்டி தூக்க நான் போய் நின்றபோது பெண்ணின் முகத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினோம். எங்கள் லிஃப்டின் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி.

வசுமதி அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். கலைந்த தலையைச் சரிசெய்யக் கையைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார். அவருக்குப் பின்னால், கண்ணாடிக்குள், பத்மநாபனின் நெஞ்சு.

"வாங்க... சம்பந்தி" என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். "பெங்காலி இவ்வளவு ஈஸியா?"

நாகலட்சுமி கண்ணை மூடிக்கொண்டார். நான் லிஃப்டின் பொத்தான்களைக் கவனமாகப் பார்த்தேன்.

சுபிக்ஷா வாயைத் திறந்தாள். "ஆன்ட்டி, அது தமிழ்தான். அப்பா திருப்பி ஒட்டிட்டார். பொட்டலத்தைப் பிரிச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் சொல்லலை?" என்றார் வசுமதி.

"இன்னும் நிச்சயமே ஆகலை, அதுக்குள்ள சம்பந்தின்னு போட்டிருந்தார். நேரா இருந்தா இன்னும் மானம் போயிருக்கும். படிக்க முடியாம இருக்கறதே நல்லதுன்னு விட்டுட்டேன்."

சண்முகம்தான் முதலில் சிரித்தார். வசுமதி கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. லிஃப்ட் கதவு திறந்து, மூடி, மறுபடி திறந்தது. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருப்பி ஒட்டினாலும் படிக்கிற பொண்ணு, இதுக்கு மேல என்ன தமிழ் வேணும்?" என்றவர், பத்மநாபன் பக்கம் திரும்பினார். "கல்யாணப் பத்திரிகையை மட்டும் கடையில அடிச்சிடுங்க, சம்பந்தி."

சம்பந்தி! சுபிக்ஷா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பத்மநாபன் சண்முகத்தின் நெஞ்சைப் பார்த்தபடி, "உங்களுக்கு எக்ஸெல்தானே?" என்று கேட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இஸ்திரிப்பெட்டியைத் தொட்டதே இல்லை என்கிறீர்கள். நல்லது. இன்னும் பால் பல் விழாத பிள்ளையின் நெஞ்சில் 'வருங்கால டாக்டர்' என்று ஒட்டியது யார்? கல்யாணமாகி வந்த அன்றே மருமகள்மேல் 'வாயில்லாப் பூச்சி' என்று சூடாகத் தேய்த்தது யார்? எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன் என்கிறீர்கள். எங்கே பார்த்தீர்கள், உங்கள் வீட்டுப் பீரோ கண்ணாடியிலா?