டில்லிபாபு வீட்டுக்கு வந்த ஹார்லிக்ஸ்

டில்லிபாபுவின் முன்னால் மூன்று ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இருந்தன. நான்காவது பாட்டில் படியேறி வந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல தேவானை. வர்றவங்க கிட்ட சொல்லேன்."

"சரிய்யா, ஒண்ணும் இல்ல. நீ சாஞ்சிக்கோ," என்று மனைவி தலையணையைத் தட்டி வைத்தாள்.

எல்லாம் வேலையால் வந்த வினை. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில், இனி குணமாகாது என்று சொல்லிவிட்ட நோயாளிகளின் வார்டில் அவன் பன்னிரண்டு வருஷமாக உதவியாளன். அங்கே படுத்திருப்பவர்கள் யாரும், இன்னும் ஒரு மாடி கட்டியிருக்கலாமே என்று வருந்தி அவன் கேட்டதில்லை. ஆறாம் படுக்கை மணிமொழி டீச்சர் போன மாதம் சொன்னார்: "நல்ல நாள் வரும்னு பட்டுப்புடவையை பீரோவுலயே வெச்சிருந்தேன் டில்லி. எல்லா நாளும் நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் பாக்கல."

இவர்களோடு இத்தனை வருஷம் இருந்தும் நமக்கு வாழத் தெரியவில்லையே என்று டில்லிபாபுவுக்கு மனசு கலங்கிவிட்டது.

மறுநாளே, மாமியார் வீட்டுச் சீராக வந்து கவர் பிரிக்காமல் கிடந்த பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். புதன்கிழமையும் அதுவுமாக லீவு போட்டு, தேவானையைப் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அழைத்துப்போனான். நாலு முழம் மல்லி வாங்கிக் கொடுத்து, "உன் கொழம்பு நல்லாக்கீதுன்னு ஒரு நாள் கூட சொன்னதில்ல. மன்னிச்சிடு," என்றான்.

ஒன்றுதான் முடியவில்லை. கூடப்பிறந்தவனோடு பேசாமலே இருந்துவிட்டதாகவும் டீச்சர் வருத்தப்பட்டிருந்தார். தேவானைக்கும் ஒரே தம்பி, வேம்பு. மகளின் காதுகுத்தில், நல்ல நேரம் போகிறதே என்ற அவசரத்தில், டில்லிபாபு குழந்தையைத் தன் தம்பி மடியில் உட்கார வைத்துவிட்டான். தாய்மாமன் மடி இருக்க வேறு மடியா? வேம்பு எழுந்து போனவன்தான், ஆறு வருஷமாகப் பேச்சில்லை. டில்லிபாபு நாலு தடவை அவன் நம்பரைப் போட்டு, மணி அடிக்குமுன் வைத்துவிட்டான்.

இதற்குள், அவனுக்கும் குணமாகாத நோய் வந்துவிட்டதென்று மயிலாப்பூர் கால்வாயோரக் குடியிருப்பு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒரு மனுஷன் திடீரென்று இவ்வளவு நல்லவனானால் சும்மாவா இருக்கும்?

"ஒண்ணும் இல்லன்னா நம்ப மாட்டேங்கிறியே."

"உங்க வார்டுல எல்லாரும் மொதல்ல அப்டித்தான் சொல்வாங்கன்னு நீதானய்யா சொன்ன?"

தெம்பைக் காட்டுகிறேன் என்று கீழே இறங்கிப்போய், மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறினான். வயிற்றில் இரண்டு டம்ளர் ஹார்லிக்ஸும் அரை பாக்கெட் பிரட்டும் இருந்தன. மேலே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தான்.

"இன்னாமா மூச்சு வாங்கிக்கினு கீது, பாவம்," என்றாள், நான்காவது பாட்டிலோடு நின்ற கீழ்வீட்டுக் காவேரி.

கடைசியாக, திங்கட்கிழமை வார்டு டாக்டர் புஷ்ராவையே வீட்டுக்கு அழைத்து வந்தான். அதோடு கெட்டது குடி. டாக்டர் பழக்கதோஷத்தில் தேவானையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "டில்லிக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கார்," என்றார்.

டாக்டர் உட்கார்ந்து கையைப் பிடித்தால் சேதி சரியில்லை என்று குடியிருப்புக்கே பாடம் எடுத்தவன் டில்லிபாபு. தேவானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காவேரி ஓவென்று அழுதாள்.

அன்று மாலையே வேம்பு வந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு மடிக்காவா மாமா நான் ஆறு வருஷம் மூஞ்ச திருப்பிக்கினு இருந்தேன்?"

"தப்பு என்னுது மச்சான்."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். உண்மையைச் சொல்ல டில்லிபாபு இரண்டு முறை வாயெடுத்தான். தோளில் கிடந்தவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். உள்ளே தேவானை பாட்டு முணுமுணுத்தபடி தம்பிக்காக வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தாள். துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவன் பயந்தே போனான்.

மறுநாள் வார்டில் நர்ஸ் பொன்மணியிடம் புலம்பினான். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா மச்சான் மறுபடி கோச்சிக்கினு பூடுவான் சிஸ்டர். தேவானை தாங்க மாட்டா. அவகிட்ட எப்டி சொல்றது?"

பொன்மணி மாத்திரைகளை எண்ணியபடியே சொன்னார்:

"உங்க வீட்டம்மா போன வாரமே எனக்கு போன் பண்ணி விசாரிச்சிட்டாங்களே டில்லி. 'நெசமாவே ஒண்ணும் இல்லியா சிஸ்டர்? அப்போ என் தம்பி வந்து சேர்ற வரைக்கும் அத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னாங்க."