என் தொழுகையில் காணாமல் போன கட்டுகளைத் தேடுகிறார்கள்

கள்ளக்குறிச்சி,
புதன், பகல் மூன்று மணி.

பேரன்புள்ள மச்சான் சிக்கந்தர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை நூர்ஜஹானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். நான் நலமில்லை. தலைமை அலுவலகத்தில் உங்களுக்கு இருக்கும் செல்வாக்கை இதுவரை ஒரு காரியத்துக்கும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். இந்தப் பல்கலைக்கழகக் கிளை அலுவலகத்திலிருந்து என்னை எங்காவது மாற்றிவிடுங்கள். திருக்கோவிலூர் என்றாலும் சரி.

ஒன்பது வருடமாக ரெக்கார்டு ரூமில், விடைத்தாள் மூட்டைகளுக்கு நடுவே, விரித்தது விரித்தபடி கிடக்கும் என் விரிப்பில் நிம்மதியாகப் பகல் நேர லுஹர் தொழுதவன் நான். போன வருடம் ஒருநாள் பீரோ சாவி காணாமல் அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. அதை டீக்கடை பெஞ்சில் பார்த்தது தொழுகையின் நடுவில் எனக்கு ஞாபகம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்த கையோடு வெளியே வந்து சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய நான் குழாயடிக்குப் போனாலே பின்னால் ஆள் வருகிறது. "பாய், அப்படியே அந்த ஹால் டிக்கெட் கட்டு எங்க கீதுன்னு பாத்துக்கினு வந்துடுங்க" என்கிறான் அட்டெண்டர் பச்சமுத்து. தொழுகையில் இப்படி நினைவைக் கிளப்புவது ஷைத்தானின் வேலை என்று எடுத்துச் சொன்னால், "யாரு கண்டுபுடிச்சா இன்னா பாய், கெடச்சா சரி" என்கிறார் டைப்பிஸ்ட் கொளஞ்சியம்மாள். சூப்பிரண்டு பொன்னுரங்கம் அதற்கும் மேலே: "நாலு ரக்அத்துல வரலைன்னா இன்னும் ரெண்டு சேத்துத் தொழுங்க பாய், நான் பர்மிஷன் தரேன்!" பர்மிஷன் தர இவர் யார், மச்சான்?

இதையும் பொறுத்திருப்பேன். செவ்வந்தி என்று ஒரு பெண், கல்வராயன் மலைக்காரி, வாத்தியார் வேலைக்கு நாளை அசல் பட்டச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து இருக்கிறது, சான்றிதழ் இல்லை. நகல் வாங்க மூன்று மாதம் ஆகும். வெள்ளிமலை பஸ் பிடித்து நான்கு நாளாக வருகிறாள். இவர்கள் அவளை என் ரெக்கார்டு ரூம் வாசலில் உட்கார வைத்துவிட்டார்கள். தொழுது முடித்துக் கதவைத் திறந்தால், "ஐயா, ஞாபகம் வந்துச்சுங்களா?" என்கிறாள். தொழக் கை உயர்த்தித் தக்பீர் கட்டினால் அல்லாஹ் நினைவு வரவில்லை, வெள்ளிமலை பஸ்தான் வருகிறது. அந்தச் சான்றிதழைக் கண்ட இடத்தில் போட்ட பொறுப்பில்லாத கழுதை எவன் என்று தெரிந்தால், தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிறுத்தி நாலு பேர் பார்க்கக் கேட்பேன்.

ஆகவே தயவுசெய்து உடனே பேசுங்கள். மாமிக்கு என் ஸலாம். உங்கள் முழங்கால் வலி தீர ஐந்து வேளையும் துஆ செய்கிறேன், அதற்கு மட்டும் இங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை.

தங்கள் அன்பு மச்சான்,
தஸ்தகீர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மாலை நேர அஸர் தொழுதுவிட்டு வந்தேன். மாற்றல் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். மூன்றாவது ரக்அத்தில் நெற்றியை விரிப்பில் வைத்து ஸஜ்தாவில் இருக்கும்போது ஞாபகம் வந்தது. போன மழையில் தரை ஈரமானதும், கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் உறையை விரிப்புக்கு அடியில் போட்டவன் நான்தான். சான்றிதழ் அதற்குள்தான் இருந்தது, ஒரு மூலைகூட மடங்கவில்லை. செவ்வந்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "பாய் தொழுதாரு, கெடச்சிடுச்சு" என்று பச்சமுத்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் மறுக்கவில்லை. மேலே கழுதை என்று எழுதிய வரியை மட்டும் உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.