ஒண்டரை ஆண்ட ஊர்

பலெர்மோ நகரத்தில் சிவப்பு விளக்குக்கு நின்ற ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அவரிடம் கார் கிடையாது. தெருவில் ஒரு வாகனம்கூட வராத நேரத்திலும், நடந்து போகிற அந்த மனிதர் பச்சை விழும்வரை நடைபாதையில் நிற்பார். பக்கத்தில், மீன் பையைத் தூக்கிக்கொண்டு நானும் நிற்பேன்.

நகரத்தில் சீசா என்ற பகுதியில் இருந்த அவருடைய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஒரு காலத்தில் பிராந்திய சட்டசபையில் இருந்தவர் என்பதால் அக்கம்பக்கத்தார் அவரை 'ஒனொரேவொலே' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். என் மனுசிக்கு அது வாயில் நுழையவில்லை. "என்னப்பா, உங்கடை ஒண்டரை எப்பிடி, நல்ல மனுசனோ?" என்று முதல் நாளே கேட்டாள். அன்றிலிருந்து பலெர்மோத் தமிழருக்கெல்லாம் அவர் ஒண்டரைதான். ஆள் உண்மையில் ஒன்றரை இல்லை, முக்கால்தான். தொப்பியோடு சேர்த்து என் தோள்மட்டம் வருவார்.

சட்டசபையில் பதினான்கு வருடம் என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கை தூக்கினேன், பிறகு இறக்கினேன் என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கதைத்ததே இல்லை.

அவர் கதைத்ததெல்லாம் அதற்குப் பிறகு வந்த ஒன்றரை வருடத்தைப் பற்றித்தான். தேர்தலில் கட்சி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அதே நேரம், மலைமேல் இருந்த ஒரு சின்ன ஊரில் சபை உறுப்பினர்கள் எல்லோரும் சண்டை பிடித்துக்கொண்டு பதவி விலகிவிட்டார்கள். புதுச் சபை வரும்வரை ஊரை நிர்வகிக்க ஒருவர் வேண்டும். யாரும் போக விரும்பாத அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார்கள். வெதுப்பகத்துக்கு மேல் ஓர் அறை எடுத்துத் தங்கினார். அவர் போனபோது முப்பத்தொரு தெருவிளக்கில் பத்தொன்பதுதான் எரிந்ததாம். பதவி முடிந்து திரும்பி வரும்போது முப்பது எரிந்ததாம். மிச்சம் ஒன்று ஏன் எரியவில்லை என்பதை விளக்க அவருக்கு ஒரு முழு மத்தியானம் வேண்டும்.

ஊர் கையைவிட்டுப் போனாலும் நிர்வாகம் போகவில்லை. மாடிப்படியில் வாரம் ஓர் அறிவித்தல் ஒட்டுவார். ஈரத் துணி சொட்டக்கூடாது, கதவை அறைந்து சாத்தக்கூடாது. கீழே கையொப்பம், முத்திரை. பல்லரோ சந்தைக்குப் போனால் மீன்பெட்டி எத்தனை அங்குலம் தெருவுக்குள் நீட்டியிருக்கிறது என்று கைத்தடியால் அளப்பார். மீன்காரன் பணிவாகப் பெட்டியை உள்ளே தள்ளுவான். இவர் நாலு அடி தாண்டியதும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வெளியே இழுப்பான்.

என் பெர்மெஸோ, அதாவது வதிவிட அனுமதி, முடிகிற நேரம், அதைப் புதுப்பிக்கிற பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவுக்குத் தானும் வருவேன் என்று அடம்பிடித்தார். வாசலில் ஒரே நெரிசல். இவர் நாட்குறிப்பைக் கிழித்து, இலக்கம் எழுதி, ஆளுக்கொரு துண்டு கொடுத்து, கால்மணி நேரத்தில் எல்லோரையும் நூல் பிடித்ததுபோல் நிறுத்திவிட்டார். காவலுக்கு நின்ற பொலிஸ்காரரே ஒரு துண்டை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குத் தந்தது கடைசி இலக்கம். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதினால்தான் எனக்கு அவர் குரல் கேட்கிறது:

"என்ர ஆளை முன்னுக்கு விட்டால் அது நிர்வாகமில்லை."

என் முறை வருவதற்குள் அன்றைய நேரம் முடிந்துவிட்டது. மனுசி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை நான் விடியவே போய் நின்றபோது, எனக்குப் பின்னால் ஒண்டரை நின்றார். அங்கே அவருக்கு ஒரு அலுவலும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சும்மா நின்றார்.

பிறகு கால் தளர்ந்தது. மாடிப்படி அறிவித்தல்கள் நின்றன. அந்த ஊருக்கு ஒரு கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினார். தபால்பெட்டியை நாளுக்கு மூன்று தரம் திறந்து பார்க்கச் சொன்னார். ஒரு காலை, "என்னை அங்கை ஆருக்கும் ஞாபகம் இல்லைப் போல" என்றார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. வியாழன் எனக்கு ஓய்வுநாள். அன்று அவரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனேன்.

ஊர் அலுவலகத்தில் இருந்த பிள்ளை அவருடைய பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். கோப்பிக்கடையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சதுக்கத்தில் ஒரு கல் வாங்கில் உட்கார்ந்தார். தெருவிளக்குகளை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, "போவம்" என்றார். கூட்டி வந்ததே பிழை என்று எனக்குத் தோன்றியது.

கீரைக்கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு கிழவி நின்றாள். கிட்ட வந்து குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானே என்ர கோழிக்கூட்டைக் கழட்டினவன்?"

ஒண்டரை எழும்பினார். தொப்பியைக் கழற்றினார். "ஓம், நான்தான். பொதுப்பாதையிலை ரெண்டடி வந்திருந்தது."

"ஒண்டரை அடி."

"ரெண்டு."

முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. கிழவி கோழிகளின் பெயரெல்லாம் சொன்னாள். அன்று மழை பெய்ததையும், இவர் குடையில்லாமல் நின்று கூட்டைக் கழற்றுவித்ததையும், அடுத்த நாள் அவளுடைய குழாய்க்குத் தண்ணீர் வந்ததையும் ஒரே மூச்சில், ஒரே கோபத்தில் சொன்னாள். கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் அவள் வீட்டுக்கே இழுத்துப்போய்க் கோப்பி தந்தாள். கூடு பழைய இடத்திலேயே இருந்தது. ஒண்டரை அதைப் பாதம் பாதமாக அளந்து பார்த்து, இப்போது மூன்றடி வந்திருக்கிறது என்றார். கட்டளை எழுதி அனுப்பு, பார்க்கலாம் என்றாள் அவள். அந்த மனிதர் அப்படிச் சிரித்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்க்கவில்லை.

போன மாரியில் அவர் கண்ணை மூடினார். எனக்கு நினைவில் நிற்பது அந்த வியாழக்கிழமைதான். மலையிலிருந்து இறங்கி, நகர பஸ்ஸில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். சீசாவில் நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பிடம் வந்தது. நான் அவரை எழுப்பவில்லை. பஸ் கடைசித் தரிப்பிடம்வரை போய், திரும்பியும் வந்தது.